ஊருக்குப் போகிறார்கள், பூனையை யார் பார்ப்பது?
வாசகர் கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடியே செல்லப்பிராணிகளைப் பார்த்துக்கொடுக்கும் சிறுதொழில் பற்றி கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை இடம்பெறுகின்றன. மிருக வைத்தியத் துறையிலும் இத்தொழிலிலும் இருப்பவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டு அறை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். அவர்களுடைய நாய்களை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக் கொஞ்சம் உழைக்கலாம் என்று யோசிக்கிறேன். எப்படித் தொடங்குவது?
(வாசகி, வெள்ளவத்தை)

நாயில் தொடங்க வேண்டாம். பூனையில் தொடங்குங்கள். அதையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராமல், அது இருக்கும் வீட்டுக்கு நீங்கள் போய்ப் பாருங்கள்.

இரண்டு அறை வீட்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு நாய்களை வைத்தால், ஒன்றைப் பூட்டிவைத்து மற்றதை வெளியே விடுவதிலேயே பொழுது போய்விடும். பூட்டிய நாய் குரைக்கும். பக்கத்து வீட்டார் முதல் நாள் பொறுப்பார்கள், இரண்டாம் நாள் தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் போவார்கள். உங்கள் தொடர்மாடியின் உள்விதிகளில் மிருகம் வளர்ப்பது பற்றியும் வீட்டில் தொழில் செய்வது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "பிரச்சினை இல்லை" என்றவர், லிஃப்டில் நாய் சிறுநீர் கழித்த அன்று அப்படிச் சொன்னதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

பூனைக்கு ஆளைவிட இடந்தான் பெரிது. தன் வீட்டில் விட்டால் ஒரு நாளில் பழகிவிடும். புது வீட்டுக்குக் கொண்டுபோனால் சாப்பாட்டை விட்டு, கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். உங்களுக்கும் செலவு குறைவு: கூடு வேண்டாம், வேலி வேண்டாம், ஒரு தோள்பை போதும். அதில் கையுறை, குப்பைப் பை, பழைய துவாய், டோர்ச், சிறு தராசு, குறிப்புக் கொப்பி இருக்கட்டும்.

ஒரு தடவை போவதற்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். கதவைத் திறக்கும்போதே உள்ளங்காலால் இடைவெளியை மறித்துக்கொண்டு திறக்கவேண்டும், பூனை காலுக்குள்ளால் பாயும். உள்ளே போனதும் கதவைப் பூட்டிவிட்டு முதலில் நிலத்தைப் பாருங்கள்: வாந்தி, வயிற்றோட்டம், இரத்தத் துளி ஏதாவது இருக்கிறதா? அடுத்து சாப்பாட்டுக் கோப்பை. எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவு மிச்சம் என்பதைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டது" என்ற குறிப்பு மிருக வைத்தியருக்கு உதவாது, "60 கிராமில் 20 கிராம் சாப்பிட்டது" என்பது உதவும். பிறகு மணல் தட்டு. சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, மலம் எப்படி என்று பார்த்துச் சுத்தம் செய்து, மணல் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் நிரப்புங்கள். ஒரு பூனைக்கு ஒரு தட்டு, மேலதிகமாக ஒன்று என்பது பொதுக் கணக்கு. தண்ணீர் மாற்றுங்கள். கடைசியாக, எத்தனை பூனை உண்டோ அத்தனையையும் கண்ணால் கண்டபின்தான் வெளியே வரவேண்டும். அலுமாரிக்குள் அகப்பட்ட பூனையும் வெளிமாடத்திலிருந்து விழுந்த பூனையும் சத்தம் போடாது.

வெளிமாடத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நுளம்புக்கு அடித்த நைலோன் வலை பூனையைத் தாங்காது, நகத்தால் கிழித்துவிடும். கம்பி வலை இல்லையென்றால் வெளிமாடக் கதவு நீங்கள் போய்வரும் காலம் முழுவதும் மூடியே இருக்கும் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காலையும் மாலையுமாக இரண்டு தடவை போவதென்றால், நடக்கும் நேரத்தோடு சேர்த்து ஒரு வீட்டுக்கு நாளுக்கு 2 மணித்தியாலம். நான்கு வீடு எடுத்தால் 8 மணித்தியாலம். தனியாளாக அதற்குமேல் எடுக்காதீர்கள். நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாள், சித்திரைப் புத்தாண்டு வாரம், மார்கழி விடுமுறை, ஐயப்ப மாலை போட்டவர்கள் சபரிமலை போகும் நாட்கள் என்று நான்கு பருவத்தில் ஆட்கள் கேட்டுக்கொண்டே வருவார்கள். ஐந்தாவது வீட்டுக்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் முதல் வருடத்திலேயே இத்தொழிலைக் கைவிடுகிறார்கள்.

ஒரு தடவை போவதற்கு எவ்வளவு கேட்கலாம்? தெரிந்தவர்களிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, கொட்டாஞ்சேனை)

மற்றவர்கள் கேட்பதைப் பார்த்து விலை வைக்காமல் உங்கள் செலவிலிருந்து வாருங்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் மட்டும்: உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 600 ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 45 நிமிட வேலை, போய்வர 30 நிமிடம், ஆக ஒன்றேகால் மணித்தியாலம், 750 ரூபாய். ஓட்டோவுக்குப் போய்வர 500. கையுறை, பை, சவர்க்காரம், ஃபோன் டேட்டா என்று 50. மொத்தம் 1,300. இது உங்கள் அடக்கவிலை. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டுத்தான் வேலை செய்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் கரைவது ஓட்டோக் காசுதான். ஆகவே எல்லையைத் தூரத்தால் குறிக்காமல் நேரத்தால் குறியுங்கள்: வீட்டிலிருந்து 15 நிமிட நடைக்குள் இருக்கும் வீடுகள் மட்டும். மாலை ஐந்தரைக்கு காலி வீதியிலோ ஆமர் வீதியிலோ வாகன நெரிசலில் நிற்கும் அரை மணித்தியாலத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஒரே தொடர்மாடியில் இரண்டு வீடு கிடைத்தால் இரண்டாவதற்குத் தாராளமாகக் குறைத்துக் கொடுக்கலாம்.

மேலதிகப் பூனைக்கு, மருந்து கொடுப்பதற்கு, பண்டிகை நாட்களுக்கு வேறு வேறு கட்டணம் என்பதை முதலிலேயே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். கூச்சத்துக்கும் அதுதான் மருந்து. நேரே நின்று சொல்லமுடியாததை எழுதிய விலைப்பட்டியல் சொல்லிவிடும். பாதி முற்பணம் வாங்கினால்தான் நாள் ஒதுக்கப்படும். மீதி, திறப்புத் தரும் அன்று. திரும்பி வந்தபின் தருகிறேன் என்பதை உறவினரிடமும் ஏற்காதீர்கள்.

நாயை ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் என்னென்ன கேட்கவேண்டும்? ஒரு படிவம் போலத் தந்தால் நல்லது.
(வாசகர், தெஹிவளை)

படிவத்துக்கு முன் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாண பஸ் இரவில் புறப்படுகிறது என்பதால் மாலை ஏழு மணிக்கு, பெட்டியும் கையுமாக, ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு நாயைத் தந்துவிட்டு ஓடுபவர்கள் அதிகம். அந்த அவசரத்தில் மருந்துப் போத்தல் மறந்துபோகும், கழுத்துப்பட்டி தளர்வாக இருக்கும், நாயும் பதற்றத்தில் இருக்கும். பகலில், புறப்படுவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒப்படைக்கவேண்டும் என்று விதி வையுங்கள். அதற்கும் ஒரு கிழமைக்கு முன்னர் அரை நாள் பரீட்சார்த்தமாக விட்டுப் பாருங்கள். தனியே விட்டதும் கதவைச் சுரண்டிப் பிய்க்கும் நாயா, உங்கள் பிள்ளையைக் கண்டு உறுமும் நாயா என்பது அந்த அரை நாளில் தெரிந்துவிடும்.

கேட்கவேண்டியவை: வயது, நிறை, கருத்தடை செய்ததா. தடுப்பூசி அட்டையின் படம், ஊசித் திகதிகள் தெளிவாகத் தெரியும்படி. கடைசியாகப் பூச்சி மருந்து, உண்ணி மருந்து கொடுத்த நாள். வழக்கமாகப் பார்க்கும் மிருக வைத்தியரின் பெயரும் இலக்கமும். இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா? இதை "கடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஐயோ, இல்லை" என்பார்கள். "கோப்பையில் கை வைத்தால் என்ன செய்யும்? நகம் வெட்டும்போது யார் பிடிப்பது? அது ஒருவரைக் கடைசியாக உறுமியது எப்போது?" என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும்.

வீட்டில் எலிப்பாஷாணம் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகைப் பாஷாணத்தைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும், பிறகுதான் இரத்தக்கசிவு தொடங்கும். உங்கள் வீட்டில் இருக்கும்போது அது நடந்தால் பழி உங்கள் தலையில்.

இரண்டு விஷயம் எழுத்திலும் கையெழுத்திலும் வேண்டும். ஒன்று, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் எந்தத் தொகை வரை உங்கள் முடிவில் சிகிச்சை செய்விக்கலாம் என்பது. மற்றது, கொழும்பிலேயே இருக்கும், தேவைப்பட்டால் நாயைப் பொறுப்பேற்கும் ஒருவருடைய பெயரும் இலக்கமும். சிங்களம் பேசும் குடும்பங்களும் உங்களிடம் வருவார்கள் என்பதால் படிவத்தை இரு மொழியிலும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். புரியாமல் இட்ட கையெழுத்து சண்டையில் உதவாது.

வேட்கைக் காலத்திலுள்ள பெட்டை நாய், 16 வாரத்துக்கு உட்பட்ட குட்டி, இன்சுலின் போடும் மிருகம் ஆகிய மூன்றையும் புதிதாகத் தொடங்குபவர் எடுக்கக்கூடாது. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். நீண்ட மின்வெட்டு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வீட்டில் விட்ட நாய்க்குட்டிக்கு பார்வோ (வாந்தியும் இரத்த வயிற்றோட்டமும் தரும் வைரஸ் நோய்) வந்துவிட்டது. என் வீட்டில்தான் தொற்றியது என்கிறார்கள். வீட்டை டெட்டோல் போட்டுக் கழுவிவிட்டேன். அடுத்த நாயை எப்போது எடுக்கலாம்?
(வாசகி, வத்தளை)

குட்டி எத்தனையாம் நாள் நோயுற்றது என்று பாருங்கள். பார்வோ வைரஸ் உடலுக்குள் போய் நோய் வெளிப்பட பொதுவாக 3 முதல் 7 நாள் எடுக்கும், சிலவேளை இரண்டு கிழமை வரை போகும். வந்த மறுநாளே வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் குட்டி நோயைக் கொண்டுதான் வந்திருக்கிறது. ஆறாம் ஏழாம் நாள் என்றால் உங்கள் வீட்டை விலக்கிச் சொல்லமுடியாது. ஒப்படைத்த திகதியும் நேரமும், முதல் அறிகுறி கண்ட நேரமும் எழுத்தில் இருந்தால்தான் இதைப் பேசவே முடியும்.

டெட்டோல் பார்வோவைக் கொல்லாது. அதைவிட, அதிலுள்ள மருந்து பூனைக்கு நஞ்சு. ஈரமான தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே வாய்ப்புண்ணும் வேறு கோளாறுகளும் வரலாம். பினோல் வகைத் தரைக் கழுவிகளும் அப்படித்தான். பூனை இருக்கும் வீட்டில் இவை இரண்டும் வேண்டாம்.

பார்வோவுக்கு வீட்டில் கிடைக்கும் மருந்து துணி வெளுக்கும் குளோரின் திரவம். போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பங்கு திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது ஒரு லீட்டர் தண்ணீருக்குச் சுமார் 35 மில்லிலீட்டர். செய்முறையில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. முதலில் மலம், சிறுநீர், மயிர் எல்லாவற்றையும் அகற்றி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு மாரடித்துத் தீர்ந்துவிடும், வைரஸ் அப்படியே இருக்கும். அதன்பின் குளோரின் தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க விடுங்கள். கொழும்பு வெயிலில் ஐந்தாம் நிமிடமே காய்ந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு அலசி, முழுதாகக் காயவிடுங்கள். கலவையை அன்றன்றைக்கே செய்யவேண்டும், நேற்றையதற்கு வீரியம் இல்லை. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். யன்னல்கள் திறந்திருக்கட்டும்.

தும்புக்கால்மிதி, பஞ்சு மெத்தை, மரக்கூடு, பூசாத சீமெந்துத் தரை போன்றவற்றுள் வைரஸ் ஒளிந்திருக்கும். கால்மிதியையும் மெத்தையையும் எறியுங்கள். முற்றத்து மண்ணைக் கழுவ வழியில்லை, அங்கே மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடிருக்கும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஊசிகள் முழுமையாகப் போட்ட வளர்ந்த நாயை, இப்படிக் கழுவிக் காய்ந்தபின் எடுக்கலாம். குட்டிகளையும் ஊசி குறையுள்ளவற்றையும் ஒரு வருடத்துக்கு எடுக்கவேண்டாம். கேட்பவர்களிடம் காரணத்தை மறைக்கவும் வேண்டாம்.

உண்ணியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், கொழும்பில் பார்வோவைவிட அடிக்கடி வருவது அதுதான். நாயை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பாருங்கள்: காது மடலின் உட்புறம், விரல்களுக்கு நடுவே, கழுத்துப்பட்டிக்குக் கீழே, முன்னங்கால் இடுக்கு. ஓர் உண்ணி கண்ணில் பட்டால் படாதவை இன்னும் இருக்கின்றன. வயிறு நிரம்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்குப் பிறகு உங்கள் வீடு அதன் வீடு. உண்ணிக்கான மாத்திரையை வருவதற்கு இரண்டு நாளாவது முன்னர் கொடுத்திருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். முரசு வெளிறி, சோர்ந்து, சிறுநீர் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள்.

நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து பூனை இறக்கவும் கூடும்.

பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உரிமையாளர் "ஏக்கம், தானாகச் சாப்பிடும்" என்கிறார். காத்திருக்கலாமா?
(வாசகி, பம்பலப்பிட்டி)

இல்லை. முதல் நாள் ஒளிந்திருப்பதும் சாப்பாட்டைத் தொடாததும் வழக்கம். 24 மணித்தியாலத்தில் உரிமையாளருக்கு அறிவியுங்கள், 48 மணித்தியாலத்தில் மிருக வைத்தியர். நாய் பட்டினி கிடப்பதற்கும் பூனை பட்டினி கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்து ஈரலில் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஈரல் வேலை செய்வதை நிறுத்தும். கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

அதற்கிடையில் செய்யக்கூடியவை: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சாப்பாட்டை வெந்நீரில் கோப்பையை வைத்து உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், மணம் எழும்பினால்தான் பூனை வரும். உப்பு, வெங்காயம், மஞ்சள் ஒன்றும் போடாமல் அவித்த மீனைக் கொஞ்சம் மேலே தூவுங்கள். உரிமையாளர் உடுத்துக் கழுவாத சட்டை ஒன்றை அருகில் வையுங்கள். கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தெடுக்காதீர்கள்.

கடுவன் பூனையானால் இன்னொன்று. மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை, சிலவேளை கத்துகிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போகும். இரவு பதினொரு மணியானாலும் காலை வரை பார்க்காதீர்கள். இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் இலக்கம் எது என்பதை அந்த இரவில் தேடக்கூடாது, தொழில் தொடங்கும் முன்பே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும்.

காய்ச்சலாகத் தெரிந்தால் பூனைக்குப் பனடோல் அரை வில்லை கொடுக்கலாமா?
(வாசகர், கல்கிசை)

கூடாது. அரை வில்லையில் 250 மில்லிகிராம் இருக்கிறது. 4 கிலோ பூனையைக் கொல்ல அது போதும். பிள்ளைகளுக்கான பாணியும் அதே மருந்துதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் முரசு நீலமாகவோ மண்ணிறமாகவோ மாறும்வரை காத்திராமல் உடனே கொண்டுபோங்கள்.

நடக்கக் கூட்டிக்கொண்டு போன நாய் கழுத்துப்பட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டது. நல்லகாலம், பிடித்துவிட்டோம். இனி எப்படித் தடுப்பது?
(வாசகர், கிருலப்பனை)

தலையைவிடக் கழுத்து தடித்த நாய்களும், பயந்து பின்னால் இழுக்கும் நாய்களும் சாதாரணப் பட்டியிலிருந்து தலையை உருவிவிடும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்றும் கழுத்துப்பட்டி ஒன்றும் போட்டு, இரண்டையும் ஒரே வாரில் கொளுவுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும், மூன்று போனால் தளர்வு. நீண்டு சுருங்கும் கயிற்றுப் பெட்டியைக் கொழும்பு வீதியில் பாவிக்காதீர்கள். தெருநாய் ஒன்று பாய்ந்து வரும்போது ஐந்து மீற்றர் தள்ளி நிற்கும் நாயை இழுத்தெடுக்க முடியாது.

புது இடத்துக்கு வந்த முதல் இரண்டு நாளில்தான் ஓட்டம் அதிகம். அந்த நாட்களில் ஒழுங்கைக்குள் மட்டும் நடத்துங்கள். கேற்றின் அடியில் உள்ள இடைவெளியைக் கம்பி வலையால் அடையுங்கள். வீட்டுக்கதவும் கேற்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடாது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வேலைக்கு வருபவருக்கும் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் நாய் தப்புவது நீங்கள் நடத்தும்போது அல்ல, யாரோ பார்சல் கொண்டுவந்து மணியடிக்கும்போது.

பக், பிரெஞ்சு புல்டோக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களைக் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் மட்டுமே வெளியே எடுக்கவேண்டும். மூச்சிரைப்பு அடங்காமல், நாக்கு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கம். குழாய்த் தண்ணீரால் உடல் முழுவதும் நனைத்து விசிறிக்கு முன்னால் கிடத்துங்கள், நனைத்தபடியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரத்துவாயால் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளே அடைபடும்.

பார்த்துக்கொண்டிருக்கும் நாய் என்னைக் கடித்தால்? ஊசி போட்ட நாய்தானே, பயமில்லையா?
(வாசகி, வெள்ளவத்தை)

ஊசி போட்டதோ இல்லையோ, முதல் வேலை ஒன்றே: ஓடும் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள் ஒன்றும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே பிரிவு உண்டு. நாயின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்து வைத்தியர் முடிவெடுக்கட்டும், நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பூனை கீறினாலும் கடித்தாலும் இதே நடைமுறை. பூனைக்கடி சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், அதனால் சீழ்பிடிப்பதும் அதிகம்.

தொழிலாகவே செய்யப்போகிறீர்கள் என்றால், கடிக்கு முன்பே போட்டுக்கொள்ளும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இரண்டு கிழமைக்கென்று விட்டார்கள். இப்போது "லண்டனுக்கு மாறிவிட்டோம், அடுத்த மாதம் நாயைக் கூப்பிடுவோம்" என்கிறார்கள். காசும் வரவில்லை.
(வாசகி, தெஹிவளை)

அடுத்த மாதம் அது நடக்காது. இலங்கையிலிருந்து நாயை பிரித்தானியாவுக்குக் கொண்டுபோக மைக்ரோசிப் போட்டு, விசர்நாய்க்கடி ஊசி போட்டு, குறைந்தது 30 நாளின்பின் இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் பொறுக்கவேண்டும். ஒன்றும் தொடங்கவில்லை என்றால் குறைந்தது நான்கு மாதம். "இரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைக் கொண்டே அவர்கள் உண்மையில் கூப்பிடும் எண்ணத்தில் இருக்கிறார்களா என்று அறியலாம்.

இப்போது செய்யவேண்டியது: நாளுக்கு இவ்வளவு, இதுவரை இவ்வளவு நிலுவை, இந்தத் திகதிக்குள் செலுத்தவேண்டும் அல்லது படிவத்திலுள்ள கொழும்புப் பொறுப்பாளரிடம் நாய் ஒப்படைக்கப்படும் என்று எழுத்தில் அனுப்புங்கள். அப்படியொரு பொறுப்பாளரின் பெயர் உங்களிடம் இல்லையென்றால் நிலைமை சிக்கல்தான். வேறொருவருக்கு நாயைக் கொடுப்பதற்கு முன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாடு நிரந்தரமாகப் போகிறவர்களிடமிருந்து இனிமேல் எடுப்பதானால், முழுத்தொகையும் பொறுப்பாளரின் கையெழுத்தும் முதலில்.

பதிவு, வரி எல்லாம் தேவையா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

உங்கள் சொந்தப் பெயரில்லாமல் வேறொரு பெயரில் தொழில் நடத்தினால் வியாபாரப் பெயரைப் பதியவேண்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கலாம், வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்கு அது திம்பிரிகஸ்யாய. அடையாள அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ் இருந்தால் வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்கலாம், வேலைக்குப் போகும் தம்பதியர் போன்ற வாடிக்கையாளர்கள் அதை நம்பி வருவார்கள். 2025/26 வரி ஆண்டிலிருந்து தனிநபர் வருமானத்தில் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி விலக்கு. உங்கள் மற்ற வருமானத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை முதல் நாளே வாங்குங்கள்.

நாயை மாநகர சபையில் பதிவது உரிமையாளரின் பொறுப்பு, உங்களுடையதல்ல. பதிந்திருக்கிறதா என்று கேட்டு வைப்பது நல்லது.

கிளி, மீன்தொட்டி எல்லாம் எடுக்கலாமா?
(வாசகி, வத்தளை)

காதல் பறவை, கொக்கட்டீல் போன்றவற்றை எடுக்கலாம். நுளம்புச் சுருள் கொளுத்தும் அறையிலும் குசினிக்குப் பக்கத்திலும் கூட்டை வைக்காதீர்கள். ஒட்டாத தாச்சி வெறுமனே சூடேறினால் வரும் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும், உங்களுக்கு மணமே தெரியாது. நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம்.

மீனைப் பட்டினி கொல்வது அரிது, சாப்பாடுதான் கொல்லும். பாவம் என்று தூவியது அடியில் அழுகி, தண்ணீரில் அமோனியா ஏறும். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லாமலும் இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் உரியதை உரிமையாளரே சிறு சிறு பொட்டலமாகக் கட்டித் திகதி எழுதித் தரவேண்டும். சாப்பாட்டு டின்னை அவரே ஒளித்துவைத்துவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் உங்களோடு வரும் பிள்ளைகள் இன்னொரு பிடி போட்டுவிடுவார்கள்.